புது கேமரா, பழைய சாஃப்ட்வேர்: நடுவுல என்ன பண்ணணும்?

ஃபேர்வெல் முடிஞ்சாச்சு. சீனியர்கள் கண் கலங்கினது வரைக்கும் எல்லாத்தையும் புது போனில் 4கே-யில் எடுத்தாச்சு. லேப் சிஸ்டத்தில் பிரீமியர் சிஎஸ்6-ஐத் திறந்து இம்போர்ட் கொடுத்தா, ஒரு ஃபைல் உள்ளேயே வரமாட்டேங்குது. இன்னொன்றில் சத்தம் மட்டும் வருது, படம் இல்லை. மூணாவது ஓடுது, ஆனா உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். பதறாதீங்க, ஃபைல் நல்லாத்தான் இருக்கு. கேமராவுக்கும் சாஃப்ட்வேருக்கும் வயசு வித்தியாசம், அவ்வளவுதான்.

ஏன் திறக்கலை?

எம்பி4, எம்ஓவி என்பதெல்லாம் வெறும் டப்பா. உள்ளே இருக்கும் வீடியோவைச் சுருக்கி வைத்த முறைதான் கோடெக். ஃபைல் பெயரை எம்ஓவி-யிலிருந்து எம்பி4-ஆக மாற்றினால் வேலை நடக்காது. டிபன் பாக்ஸை மாத்தினா சாம்பார் சாதம் தயிர் சாதமாகிடுமா?

பழைய கேமராக்கள் பெரும்பாலும் ஹெச்.264 கோடெக்கில் பதிவு செய்தன. அது 2003-இல் வந்தது. புது போன்கள் பல ஹெச்.265-ஐப் பயன்படுத்துகின்றன. ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி அளவில் தரும். ஆனால் அந்தத் தரநிலை வெளியானது 2013-இல். சிஎஸ்6 வந்தது 2012-இல். தனக்குப் பின்னால் பிறந்த கோடெக்கை அது எப்படிப் புரிஞ்சுக்கும்?

ஏன் சத்தம் தள்ளிப்போகுது?

போன்கள் பல, வெளிச்சத்தையும் பிராசஸர் சுமையையும் பொறுத்து ஃப்ரேம் ரேட்டைக் கூட்டிக் குறைக்கும். இதுதான் வேரியபிள் ஃப்ரேம் ரேட். பழைய சாஃப்ட்வேரோ, வேகம் எப்போதும் ஒன்றுதான் என்று நம்பும். பத்து நிமிட வீடியோவின் சராசரி நொடிக்கு 29.7 ஃப்ரேம் என்றால், மொத்தம் 17,820 ஃப்ரேம். அதை 30 என்று கணக்குப் போட்டால் படம் 594 நொடியில் முடிந்துவிடும். ஆடியோ 600 நொடி ஓடும். கடைசியில் 6 நொடி இடைவெளி!

என்ன செய்யணும்?

1. கேபிள் போட்டு ஒரிஜினல் ஃபைலை காப்பி பண்ணுங்க. வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைஞ்சுடும்.

2. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து பாருங்க. ஃபார்மேட் இடத்தில் ஹெச்இவிசி (ஹெச்.265-இன் இன்னொரு பெயர்) என்றோ, ஃப்ரேம் ரேட் மோடில் வேரியபிள் என்றோ இருந்தால் மாற்றியே ஆகணும்.

3. ஹேண்ட்பிரேக் மென்பொருளும் இலவசம்தான். வீடியோ டேபில் ஹெச்.264 (எக்ஸ்264) தேர்வு செய்யுங்க. ஃப்ரேம் ரேட்டை எடுத்த வேகத்துக்கே வைத்து, பக்கத்தில் கான்ஸ்டன்ட் என்பதை டிக் பண்ணுங்க. பலரும் கோட்டை விடுறது இந்த இடத்தில்தான். தர எண் (ஆர்எஃப்) 18 போதும். எண் குறையக் குறைய தரம் கூடும். ஃபாஸ்ட் டிகோட் டிக் பண்ணினா பழைய சிஸ்டத்துக்குச் சுமை குறையும். கடைசி வீடியோ 1080பி-தான் என்றால் இங்கேயே 1080பி-ஆகச் சுருக்கிடலாம்.

4. ஆடியோ: ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ்.

5. முதலில் ஒரு நீளமான கிளிப்பை மட்டும் மாற்றி, அதன் கடைசி நிமிடத்தை டைம்லைனில் ஓட்டிப் பாருங்க. உதடும் பேச்சும் சேர்ந்திருந்தால், மீதியை க்யூவில் போட்டுட்டுத் தூங்கப் போகலாம்.

அடுத்த தடவை

ஐபோன் என்றால் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மேட்டை மோஸ்ட் கம்பேடிபிள் ஆக்குங்க. ஹெச்டிஆர் வீடியோவை ஆஃப் பண்ணுங்க. அதை விட்டால் பழைய சாஃப்ட்வேரில் முகமெல்லாம் வெளுத்துப்போய்த் தெரியலாம். மேலே சொன்ன மாற்றம் மட்டும் அதைச் சரிசெய்யாது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் ஹெச்.265-ஐ நிறுத்தும் வசதி உண்டு.

கடைசியா ஒண்ணு. மாற்றி முடிச்ச உடனே இடம் பத்தலைன்னு ஒரிஜினலை அழிச்சிடாதீங்க. எடிட்டிங்கை நூறு தடவை திரும்பச் செய்யலாம். அந்த ஃபேர்வெல்லை இன்னொரு தடவை நடத்த முடியாது.