கண்சிமிட்டும் நட்சத்திரமும் கற்றுக்கொள்ளும் கணினியும்

காற்றடங்கிய பௌர்ணமி இரவிலே கந்தளாய்க் குளத்தை நோக்கினால், முழுநிலவு நீரில் வட்டமாகத் தெரியும். சிறு காற்றெழுந்ததும் அந்நிலவு நூறு துண்டுகளாகச் சிதறிவிடும். சிதறியது நிலவன்று, அதனைக் காட்டும் நீரே அலைந்தது. நட்சத்திரங்கள் கண்சிமிட்டுவதும் இத்தகையதே. நமது தலைக்கு மேலே வெப்பமும் குளிர்ச்சியும் கலந்து புரளும் காற்று, அவற்றின் ஒளியைக் கணந்தோறும் வளைத்துவிடுகிறது.

இம்மினுக்கம் கவிஞருக்கு இன்பம், வானியலாருக்கோ பெருந்தொல்லை. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 1986ஆம் ஆண்டு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்ற தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீற்றர் அகலமுடையது. அத்தகைய பெருங்கண்ணாடி மங்கலான ஒளியையும் மிகுதியாகத் திரட்டும். ஆயினும், எத்துணைப் பெரிய தொலைநோக்கியாயினும், கலங்கிய காற்றினூடே அது பிரித்தறியும் நுணுக்கம், பத்து இருபது சென்ரிமீற்றர் அகலமுள்ள சிறு தொலைநோக்கி அறிவதைவிட அதிகமன்று.

இதற்குப் பரிகாரம் யாது? காற்று வளைத்த ஒளியை எதிர்வளைவினால் நேராக்கலாம் என்று 1953ஆம் ஆண்டில் அமெரிக்க வானியலறிஞர் ஹொறேஸ் பாப்கொக் கூறினார். இன்று அது கைகூடியுள்ளது. சிறு வில்லைகள் பல அடுக்கிய கருவியொன்று, நட்சத்திர ஒளி எவ்வாறு வளைந்துள்ளது என்பதை அளக்கும். உடனே, மெல்லிய கண்ணாடியொன்றை அதன் முதுகிலுள்ள தள்ளிகள் அதற்கேற்ப வளைக்கும். வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நிகழவேண்டும். தாமதித்தால் காற்று மாறிவிடும்.

ஆராயும் பொருள் மிக மங்கலாயின், அயலிலுள்ள பிரகாசமான நட்சத்திரங்களை அளந்து, இடையிலுள்ள காற்றடுக்குகளை உய்த்துணரவேண்டும். இங்கேதான் ‘நரம்பு வலை’ என்னும் கணிதமுறை துணைக்கு வருகிறது. மூளை நரம்புகளின் பின்னலை ஒத்த இதற்கு, கணக்குகளை விடையோடு கொடுத்து மாணவனைப் பழக்குவதுபோல, காற்றின் மாதிரிகளைக் காட்டிப் பயிற்சியளிப்பர். றோஜர் ஏஞ்சல் குழுவினர் 1990ஆம் ஆண்டிலேயே இதனைத் தொலைநோக்கிக்குப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டனர்.

லா பால்மா தீவில், 4.2 மீற்றர் அகலமுள்ள வில்லியம் ஹேர்ஷல் தொலைநோக்கியில் நடத்திய சோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. அங்கே நரம்பு வலை வெல்லவில்லை. நன்கு சீர்செய்யப்பட்ட மற்றொரு முறை, பிம்பத் தரத்தில் ஏறக்குறைய 5 வீதம் முந்திற்று. பயிற்சிக்குக் கொடுத்த மாதிரிகளின் குறையே காரணம் என ஆய்வாளர் கருதினர். ஆனால் ஆய்வுகூடத்தில், மேற்காற்றடுக்கு சுமார் 300 மீற்றர் இடம்பெயர்ந்ததாக அமைத்தபோது, நரம்பு வலையே சிறந்து விளங்கிற்று. பாடம் போதாவிடத்துப் பின்தங்கும் மாணவனும், எதிர்பாராத வினாவுக்கு விடையளிக்கும் மாணவனும் ஒருவனே அன்றோ!

இயந்திரம் இல்லாததொன்றை வானத்தில் வரைந்துவிடாதோ என அஞ்சுவோர் உண்டு. இப்பணியில் அவ்வச்சம் வேண்டாம். நரம்பு வலை கண்ணாடியை வளைக்கவே சொல்கிறது, படம் தீட்டுவதில்லை. அதன் கணிப்புப் பிழைத்தால் பிம்பம் மங்கும், அவ்வளவே. புலப்படுவது என்றும் நட்சத்திரத்தின் சொந்த ஒளியே.