சிறு அமைவு மொழியும் தமிழ் எழுத்தும்: வைகை அணையின் வெள்ள எச்சரிக்கை விதிகளை முன்வைத்து

தேனி மாவட்டம் ஆண்டிபட்டிக்கு அருகே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். முல்லைப்பெரியாற்றிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் வழியே இறங்கும் நீரும் மூல வைகையின் நீரும் அங்குச் சேர்கின்றன. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் கரையோர மக்களுக்கு விடுக்கப்படுகின்றன. மூன்றாவதை அடுத்து உபரிநீரை ஆற்றில் திறப்பது வழக்கம்.

இவ்விதிகளை ஒரு கணினிக்குத் தமிழிலேயே எழுதித் தருவதாயின் அம்மொழி எவ்வாறு அமையவேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இங்குக் காட்டப்படும் மொழி விளக்கத்திற்காகக் கற்பிக்கப்பட்டது, அணையில் வழங்குவதன்று. ஆயினும் அது எழுப்பும் சிக்கல்கள் உண்மையானவை. அவற்றுள் தலையாயது, கணினியின் அடித்தளத்தில் தமிழ் எழுத்து என்பது யாது என்னும் வினா.

நிரல்மொழி ‘இதைச் செய்’ என்று ஏவும். அமைவு மொழியோ ‘இது இவ்வளவு’ என்று அறிவிப்பதோடு நிற்கும். அவ்வறிவிப்பைப் பொறி கொள்ளும் வடிவிற்கு மாற்றுவது தொகுப்பி. தொகுப்பியை அசெம்பிளி மொழியில் எழுதுவது ஒருகாலத்தில் இயல்பாக இருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் தொகுப்பியும், ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் எழுதி 1983இல் வெளிவந்த டர்போ பாஸ்கலும் அவ்வாறு உருவானவையே. தமிழ் நிரல்மொழிகளுள் அறியப்பட்டதான முத்தையா அண்ணாமலையின் ‘எழில்’ பைத்தான் மொழியின் மேல் கட்டப்பட்டது. அத்தகைய மேனிலை மொழிகள் எழுத்துகளைக் கையாளும் பணியின் பெரும்பகுதியைத் தம்முள் மறைத்துக்கொள்கின்றன. அசெம்பிளியில் மறைப்பு ஏதுமில்லை. சிறு கருவிகளை விடுத்தால் இன்று அவ்வழியைத் தேர்வோர் அரியர். ஆனால் தமிழ் எழுத்தின் நிலையைக் காண அதைவிடத் தெளிவான கண்ணாடி வேறில்லை.

பெயர்ப் பயனிலையின் பயன்

மேற்கண்ட விதிகளைப் பின்வருமாறு எழுதலாம்:

முழுமட்டம் 71 அடி
முதல் எச்சரிக்கை 66 அடி
இரண்டாம் எச்சரிக்கை 68.5 அடி
மூன்றாம் எச்சரிக்கை 69 அடி

இவ்வரிகளில் சமக்குறியோ அடைப்புக்குறியோ இல்லை, வினைச்சொல்லும் இல்லை. எனினும் ஒவ்வொன்றும் நிறைவான தமிழ்த் தொடரே. எழுவாயும் பெயர்ப் பயனிலையும் இணைப்புச் சொல்லின்றி நிற்கும் இயல்பு தமிழில் தொன்மையானது. எழுவாய் வேற்றுமைக்கு உருபு இன்மையால் திறவுச்சொல் திரிபடைவதுமில்லை. ‘நீர்மட்டம் 66 அடியை எட்டினால்’ என்று எழுத இடங்கொடுத்தால், தொகுப்பி இரண்டாம் வேற்றுமை உருபையும் வினையெச்சத்தையும் பிரித்தறிய வேண்டிவரும். அமைவு மொழியின் சிறுமை இங்குக் குறையன்று. ஏவலுக்கு இடமில்லாத மொழியில் தவறான ஏவலும் நேராது.

ஐந்தெழுத்தும் இருபத்துநான்கு பைட்டும்

‘கொள்ளளவு’ என்னும் திறவுச்சொல்லையும் மொழியில் சேர்ப்பதாகக் கொள்வோம். இலக்கணப்படி அது ஐந்தெழுத்து. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒருங்குறியின் தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறும்: முதற்பைட்டு 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது குறியிடத்திற்கேற்ப மாறும். அச்சொல்லில் எட்டுக் குறியிடங்கள் உள்ளமையால் 24 பைட்டுகள் அமைகின்றன.

ஆனால் அதே சொல் 27 பைட்டாகவும் வரக்கூடும். ஒகரக் குறியை 224, 175, 138 என ஒரே குறியிடமாகவும் இடலாம். எகரக் குறி (224, 175, 134), ஆகாரக் குறி (224, 174, 190) என இரண்டாகவும் இடலாம். இவ்விரண்டும் சமமென்றே ஒருங்குறி வரையறுக்கிறது. திரையிலும் தாளிலும் வேறுபாடு தோன்றாது. பைட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் எளிய தொகுப்பிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். அறியாத சொல்லைக் கண்டால் வாளா கடந்துசெல்லும் வழக்கம் அமைவு மொழிகள் பலவற்றில் உண்டு. அங்ஙனமாயின் விதி எழுதப்பட்டிருந்தும் எழுதப்படாததாகிவிடும். எழுதியவர் எத்தனை முறை படித்துப் பார்த்தாலும் பிழை கண்ணிற்படாது.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். ‘கெ’ என்பதில் கொம்பு இடப்புறம் நிற்பினும் ஒருங்குறி ககரத்தையே முதலிற் சேமிக்கிறது. உயிர்மெய்யில் மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் எனத் தொல்காப்பிய நூன்மரபு கூறும் முறையும் அதுவே. கண்ணுக்குத் தெரியும் வரிசையிற் சேமித்த டிஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களைவிட இம்முறை இலக்கணத்திற்கு நெருக்கமானது.

வெளியேற்றமும் ‘வௌி’யேற்றமும்

பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் ஔகாரத்தின் வலப்புறக் குறிக்கும் ளகரத்திற்கும் ஒரே இடம் அளிக்கப்பட்டிருந்தது. அவற்றிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய ஆவணங்களில் ‘வெளி’ என்பது ‘வௌி’ எனவும் ‘வெள்ளம்’ என்பது ‘வௌ்ளம்’ எனவும் பிறழ்ந்திருப்பதைப் பதிப்புப் பணியில் ஈடுபட்டோர் பலரும் கண்டிருப்பர். அணை பற்றிய மொழியில் வெள்ளமும் வெளியேற்றமும் தவிர்க்கவியலாத சொற்கள். ஒகரத்தின் இரு வடிவங்களைப் போல இவற்றை ஒருங்குறி சமமெனக் கொள்வதில்லை. ஆகவே ஒருங்குறியின் இயல்பாக்க நெறி இங்குக் கைகொடாது.

இலக்கணம் கைகொடுக்கிறது. ஒரு மெய் ஒரே உயிரை ஏற்கும். உயிரேறிய மெய் புள்ளி பெறாது. எனவே உயிர்க்குறியை அடுத்து மற்றோர் உயிர்க்குறியோ புள்ளியோ வருமாயின் அது பிழை. எகர, ஏகாரக் குறிகளை அடுத்து ஆகாரக் குறி வருதலும், எகரக் குறியை அடுத்து ஔகார வலக்குறி வருதலும் மட்டுமே விலக்கு. அவற்றை ஒற்றைக் குறியாக்கிக் கொள்ளவேண்டும். முந்தைய குறியின் வகையை ஒரு பதிவகத்தில் நினைவிற் கொண்டு, சிறிய அட்டவணை ஒன்றைப் பார்த்தாற்போதும். அசெம்பிளியிலும் இது அரிய வேலையன்று. ‘வௌ்ளம்’ உள்நுழையும் வரியிலேயே தடுக்கப்படும். ஆயினும் ‘வௌவால்’ என்பதை ளகரமிட்டு ‘வெளவால்’ என எழுதினால் இவ்விதி பிழை காணாது. அது மூன்றெழுத்துச் சொல்லுக்கு மாறாக நான்கெழுத்துச் சொல்லாக, இலக்கண வரம்பிற்குள்ளேயே நிற்கும். அதற்கு அகராதி வேண்டும். திறவுச்சொற்கள் சிலவே உடைய மொழியில் அப்பட்டியலே அகராதியாகும். பட்டியலில் இல்லாத சொல் எதையும் ஏற்காமல், வரி எண்ணைச் சுட்டி நின்றுவிடுவதே தொகுப்பிக்குத் தக்கது.

எண்ணின் காவல்

எழுத்தைக் கடந்தால் எண். 68.5 என்பதைப் பின்னமாகக் கொள்ளாது, பத்தால் பெருக்கி 685 என முழுவெண்ணாகச் சேமிப்பது சிறு பொறிகளுக்கு ஏற்றது. 66 என்பதும் 660 ஆகவேண்டும்; இல்லையேல் இரண்டும் ஒப்பிடத் தகா. ஒருவர் புள்ளியை மறந்து 685 அடி என்று எழுதிவிடக்கூடும். சொல்லும் எண்ணும் தனித்தனியே செம்மையாக இருப்பதால் எழுத்துவிதி இதைத் தடுக்காது. அவ்வமைவை ஏற்றுக்கொண்டால் இரண்டாம் எச்சரிக்கை ஒருநாளும் ஒலிக்காது. அணை நிரம்பும்போதுதான் பிழை வெளிப்படும். ஆதலின் மூன்று எச்சரிக்கைகளும் ஏறுவரிசையில் உள்ளனவா, மூன்றும் முழுமட்டமான 71 அடிக்கு உட்பட்டனவா, ஒன்றேனும் விடுபட்டதா என்று தொகுப்பி வினவவேண்டும். இவ்வினாக்களைப் பொறி இயங்கத் தொடங்கிய பின் கேட்பதிற் பயனில்லை. மழையற்ற நாளில், அமைவு தொகுக்கப்படும் அந்நொடியிலேயே அவை கேட்கப்படவேண்டும்.