பல்கலைக்கழகம் மாறும் வரலாற்று மாணவர்க்கு

திருச்சிராப்பள்ளியிலிருந்து சிதம்பரத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையை உங்களில் பலர் அறிவீர்கள். கல்லகத்தைக் கடந்து, பழுவேட்டரையர் காலத்துக் கோயில்களை உடைய கீழப்பழுவூரைத் தொட்டு, உடையார்பாளையம், செயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்தை அடைந்து, மீன்சுருட்டியையும் காட்டுமன்னார்கோயிலையும் தாண்டிச் சிதம்பரம் சேர்வது அச்சாலை. அதன் மேற்கு முனையில், 1982ஆம் ஆண்டில் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிழக்கு முனையில், 1929ஆம் ஆண்டில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிற்கும் நடுவே, முதலாம் இராசேந்திரன் அமைத்த தலைநகரம் மண்ணுக்குள் பாதியும் மண்ணுக்கு மேல் பாதியுமாகக் கிடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மீன்சுருட்டிப் பக்கத்து மாணவி ஒருத்தி என் வீட்டிற்கு வந்தாள். பள்ளியில் என்னிடம் பயின்றவள். சென்னையில் ஒரு கல்லூரியில் வரலாற்றுப் பட்டப்படிப்பில் ஓராண்டை முடித்திருந்தாள். தந்தையார் நோயுற்றுப் படுத்துவிட்டமையால் ஊருக்குத் திரும்ப வேண்டிய நிலை. படிப்பை விடாமல் தொடர விரும்பினாள். சாலையின் மேற்கே ஒன்றும் கிழக்கே ஒன்றுமாக இரண்டு விண்ணப்பங்கள் அவள் கையில் இருந்தன.

“ஐயா, இரண்டில் எதற்குப் பெயர் அதிகம்?” என்று கேட்டாள்.

“பெயரைப் பிறகு பார்ப்போம் அம்மா. முதலில் உன் மதிப்பெண் பட்டியலை எடு” என்றேன்.

நான் அவ்வாறு சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் பட்டப்படிப்பில் சேர்ந்த நாளில், இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இரண்டும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற்குள் அடங்கியிருந்தன. இப்பகுதிக் கல்லூரிகள் யாவும் 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. ஓராண்டு படித்தபின், பெயர் பெற்ற நகரக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்ததென்று மகிழ்ந்து மாறினேன். பல்கலைக்கழகம் ஒன்றே; ஆதலால் இடையூறு எதுவும் நேராது என்று எண்ணினேன். நான் படித்துவந்த துணைப்பாடம் அக்கல்லூரியில் கற்பிக்கப்படவில்லை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. புதிய துணைப்பாடத்தை ஆசிரியர் உதவியின்றித் தொடக்கத்திலிருந்து படித்தேன், தேர்வில் தவறினேன், பட்டம் ஓராண்டு பிந்தியது. ஆசிரியப் பயிற்சியில் சேர்வதும் அவ்வாறே பிந்தியது. சேருமுன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த ஆண்டு எனக்கு மிஞ்சியிருக்கும்.

பல்கலைக்கழகம் மாறுவது என்பது என்ன? மேலை நாடுகளில் இது நெடுங்காலமாக இயல்பான செய்தி. ஐரோப்பாவில் 1999ஆம் ஆண்டில் பொலோனா நகரில் 29 நாடுகள் ஒன்றுகூடி அறிவிப்பொன்றை வெளியிட்டு, ஓரிடத்துப் படிப்பை மற்றோரிடம் ஏற்றுக்கொள்ள வழிவகுத்தன. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக்குழு 2021ஆம் ஆண்டில் விதிமுறை வகுத்து, மாணவர் ஈட்டும் ‘கிரெடிட்’ என்னும் தகுதிப்புள்ளிகளைச் சேர்த்துவைக்க ஒரு வங்கி போன்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. ஆயினும் வங்கியில் பணம் இருப்பதனால் மட்டும் கடைக்காரர் நாம் கேட்கும் பொருளை வைத்திருப்பார் என்று சொல்ல இயலாதல்லவா? புள்ளிகள் கணக்கில் இருக்கலாம். காலியிடம் உண்டா, எந்தத் தாளை ஏற்பார்கள் என்பவற்றை நீங்கள் சேரவிருக்கும் நிறுவனந்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, பல்கலைக்கழகங்களின் அமைப்பை அறிந்துகொள்ளுங்கள். இணைப்புக் கல்லூரியில் பாடத்திட்டத்தை வகுப்பதும் தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகம், கற்பிப்பது கல்லூரி. 1965இல் தொடங்கிய அரியலூர் அரசு கலைக் கல்லூரி இவ்வகையைச் சார்ந்தது. முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த இப்பகுதிக் கல்லூரிகள், பாரதிதாசன் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதனோடு இணைந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ, கற்பித்தலும் தேர்வும் ஓரிடத்திலேயே நிகழும் உறைவிடப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னர், கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் உரிமையும் பெற்றது. ஆகவே, “எந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேட்கும்போது, “அங்கே எனக்குக் கற்பிக்கப்போகிறவர்கள் யார்?” என்ற கேள்வியையும் உடன் கேட்க வேண்டும். பட்டத்தில் பொறிக்கப்படும் பெயர் ஒன்று. வகுப்பறையில் உங்கள் எதிரே நிற்கும் ஆசிரியர் மற்றொருவர்.

தரவரிசைப் பட்டியல்களையும் தரச்சான்றுகளையும் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை நிறுவனம் முழுவதையும் எடைபோடுகின்றன. வேதியியல் ஆய்வுக்கூடத்தின் பெருமையும் அந்த எடையில் சேர்ந்திருக்கும். வரலாற்றுத் துறை எவ்வாறு இருக்கிறது என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

அந்த மாணவியும் நானும் செய்த வேலையைச் சொல்கிறேன். ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு கிழித்தோம். முதற்பத்தியில், அவள் சென்னையில் தேர்ச்சி பெற்ற பாடங்களை எழுதினோம். மற்ற இரண்டு பத்திகளில், மேற்கிலும் கிழக்கிலும் அதே ஓராண்டில் வைக்கப்பட்டிருந்த பாடங்களை எழுதினோம். மொழிப் பாடம், ஆங்கிலம், முதன்மைப் பாடம், துணைப்பாடம் என ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம்.

அப்போது இரண்டு வகை இடர்கள் கண்ணுக்குத் தெரிந்தன. முதல்வகை, விடுபடுதல். ஓரிடத்தில் முதலாண்டில் வைக்கும் தமிழக வரலாற்றை மற்றோரிடத்தில் இரண்டாம் ஆண்டில் வைத்திருப்பார்கள். முன்னதற்கு மாறிச் செல்பவர், அங்கே மற்றவர்கள் முடித்துவிட்ட பாடத்தைத் தனியே எழுதியாக வேண்டும். இரண்டாவது வகை, மீண்டும் வருதல். முடித்த பாடமே புதிய இடத்தில் மறுபடியும் எதிர்ப்படும். இது எளிதுபோலத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் படித்திருக்கக்கூடிய வேறொரு பாடம் கைவிட்டுப் போகும். ஐரோப்பிய வரலாற்றைப் படிக்காமலே வரலாற்றுப் பட்டம் பெற்றுவிட்டு, முதுகலை வகுப்பில் விழிக்கும் மாணவர்களுள் சிலர் இவ்வாறு இடையில் மாறியவர்களே.

இவ்வொப்பீடு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலின் நகலையும், முந்தைய கல்லூரி சான்றளித்த பாடத்திட்டத்தையும் இணைத்து, “எந்தத் தாள்களை ஏற்பீர்கள்? எவற்றை நான் கூடுதலாக எழுத வேண்டும்? எந்த ஆண்டில் சேர்ப்பீர்கள்?” என்று இரண்டு இடங்களுக்கும் எழுதிக் கேட்கச் சொன்னேன். விடையும் எழுத்தில் வர வேண்டும் என்றேன். அலுவலகச் சாளரத்தில் ஒருவர் அன்போடு சொல்லும் சொல்லை, அடுத்த மாதம் அவ்விடத்தில் அமர்பவர் அறியமாட்டார்.

இங்கே மிகமிக இன்றியமையாத எச்சரிக்கை ஒன்று உண்டு. புதிய இடத்தின் இசைவு கைக்கு வருமுன் பழைய கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழைப் பெற்றுவிடாதீர்கள். அதைப் பெற்ற கணமே பழைய இடம் உங்களுடையதன்று; புதிய இடமோ இன்னும் உங்களுடையதாகவில்லை. ஆற்றின் நடுவே ஓடத்தை விட்டிறங்கியவன் நிலை அது. இசைவு வந்தபிறகு மாற்றுச் சான்றிதழையும், வேறு பல்கலைக்கழகத்திற்குச் செல்வதாயின் இடப்பெயர்வுச் சான்றிதழையும் முறையாகப் பெறலாம்.

பிழைப்பைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். நம் மாவட்டங்களில் வரலாறு படிப்போர் பலருக்கு அரசுத் தேர்வோ ஆசிரியப் பணியோ குறிக்கோள். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் முதுகலை ஆசிரியராக விரும்புவோர், இளங்கலையிலும் முதுகலையிலும் அதே பாடத்தைப் படித்து, பி.எட். பட்டமும் பெற்றிருக்க வேண்டும். வரலாற்றோடு சுற்றுலா, பண்பாடு, தொல்லியல் எனப் பிற சொற்கள் சேர்ந்த பெயருடைய பட்டங்கள் சில உள்ளன. அவை பணிக்கு வரலாற்றுப் பட்டத்திற்கு இணையானவையா என்பதை அரசு ஆணைகளே முடிவு செய்கின்றன. மாறிச் சேரும் படிப்பின் பெயர் வேறாக இருப்பின், அந்த ஆணை உண்டா என்று சேருமுன் பாருங்கள்.

இனி, வரலாற்று மாணவர்க்கே உரிய கேள்விக்கு வருகிறேன். மூல ஆதாரங்களை நீங்கள் தொட்டுப் பார்க்க அந்த இடம் உதவுமா? வேதியியல் மாணவர்க்கு ஆய்வுக்கூடம் எப்படியோ, வரலாற்று மாணவர்க்குக் கல்வெட்டும் ஆவணமும் நூலகமும் அப்படி. ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஆவணங்களில் ஆர்வமுடையவர்க்குச் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம் அருகில் இருப்பது நன்மை. சோழர் வரலாற்றில் ஆர்வமுடையவர்க்கோ நம் மண்ணே நூலகம். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. அதற்கு அண்மையிலுள்ள மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை முன்பு அகழ்ந்து கண்ட அரண்மனைப் பகுதியை 2021 முதல் மீண்டும் அகழ்ந்தது. பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையருகே ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751ஆம் ஆண்டு வாலிகண்டபுரப் பகுதியில் நடந்த கருநாடகப் போரை நினைவூட்டும் கோட்டை அது. இவற்றிற்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இருக்கும் துறை, தொலைவிலுள்ள பெரிய பெயரைவிட உங்களுக்கு அதிகம் கொடுக்கக்கூடும்.

இதற்குச் சான்றாக ஒருவரை நினைவுகூர்கிறேன். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராகப் பணிபுரிந்தவர். கல்வெட்டுகளைத் தேடிச் சென்று படித்து, 1930ஆம் ஆண்டிலேயே முதற் குலோத்துங்க சோழனைப் பற்றி நூல் எழுதினார். 1942ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்து அவர் எழுதிய பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதியை 1949இல் அப்பல்கலைக்கழகமே வெளியிட்டது. இவ்வரிசையைக் கவனியுங்கள். பல்கலைக்கழகம் அவருக்குப் பெருவாய்ப்பைத் தந்தது உண்மை. ஆனால் அதன் வாயிலில் நுழையுமுன்னரே அவர் தம் வேலையைத் தொடங்கியிருந்தார்.

அந்த மாணவி எதைத் தேர்ந்தாள் என்று கேட்பீர்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. அவளுக்குப் பொருந்திய விடை உங்களுக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை. ஓரிடத்திலிருந்து வந்த விடையில் இரண்டு தாள்களும், மற்றோரிடத்து விடையில் ஒரு தாளும் கூடுதலாக எழுதுமாறு குறித்திருந்தார்கள். அவள் பேருந்துச் செலவையும், தந்தையின் மருந்து வேளைகளையும், நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் அந்தத் தாளின் அடியிலேயே எழுதிப் பார்த்துத் தானே முடிவு செய்தாள். உரிய ஆண்டில் பட்டமும் பெற்றாள். நான் இழந்த ஓராண்டை அவள் இழக்கவில்லை.

மாணவ நண்பர்களே, வரலாறு பயில்வோர்க்கு முதலில் சொல்லித்தரும் பாடம், செவிவழிச் செய்தியை ஆதாரமின்றி நம்பாதே என்பது. பெரும்பிடுகு முத்தரையரைப் பற்றி எழுதும்போது அப்பாடத்தைக் கடைப்பிடிக்கும் நாம், நம் படிப்பைப் பற்றி முடிவு செய்யும்போது மட்டும் பிறர் சொன்ன பெயரை நம்பிப் புறப்பட்டுவிடுகிறோம். மாறுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு கிழியுங்கள். ஒரு மாலைப்பொழுது செலவாகும், ஓராண்டு மிஞ்சும்.