கதவுக்குள் இறங்கும் மழை

பழனி பக்கத்துப் பாலசமுத்திரத்தில் ஐப்பசி மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்ததும், வாசலில் நிற்கும் பழைய பிக்கப்பின் கதவை வெடுக்கென்று திறந்து பாருங்கள். உள்ளே 'சளக்' என்று தண்ணீர் குலுங்கினால், வண்டிக்காரர் வாயில் வரும் முதல் வார்த்தை: "பீடிங் போயிருச்சு." கண்ணாடி ஓரத்தில் ஓடும் கறுப்பு ரப்பருக்குத்தான் பீடிங் என்று பெயர். அவர் சொல்வது பாதி சரி. மீதிப் பாதிதான் வேடிக்கை. கதவுக்குள் மழை இறங்குவது கோளாறே இல்லை. இறங்கும் என்று தெரிந்துதான் அந்தக் கதவைச் செய்தார்கள்.

கண்ணாடி ஏறி இறங்க ஓர் இடுக்கு வேண்டும். ஏறி இறங்கும் கண்ணாடியைத் துளி நீர்கூட நுழையாதபடி இறுக்கினால், அது நகராது. ஆகவே கதவின் விளிம்பில் இருக்கும் வெளிப் பீடிங், தோசைக்கல்லை வழிக்கும் கரண்டியைப் போலக் கண்ணாடியில் வழியும் நீரை வழித்துத் தள்ளுகிறது. அதையும் மீறி இறங்குவது, கதவின் உட்கூட்டில் வழிந்து அடித்தகட்டிலுள்ள சிறு துளைகள் வழியே தரைக்குப் போய்விடும். அந்த ஈரம் இருக்கைப் பக்கம் வராமலிருக்க, உள் அட்டைக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் தாள் ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் முதலில் கிழித்தெறிவது அதைத்தான்.

அப்படியானால் தண்ணீர் ஏன் குலுங்குகிறது? ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று இந்தப் பக்கத்துப் புழுதியைக் கிளப்பி விடும். இறுகிப்போன பீடிங் கண்ணாடியை விட்டு ஒரு நூல் விலகி நின்றால் போதும், புழுதி உள்ளே இறங்கிவிடும். ஐப்பசி மழை அதைச் சேறாக்கும். சேறு துளைகளை அடைக்கும். தேங்கிய நீர் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளமாக எழும்பும்போது, உள்ளே துரு பாதித் தகட்டைத் தின்றிருக்கும். ஒரு நூல் ரப்பரில் தொடங்கி டிங்கரிங் பட்டறையில் முடிகிற கதை இது.

அந்த ரப்பர் ஏன் இறுகியது என்பதைச் சொல்ல, முதலில் அது ஏன் மிருதுவாக இருந்தது என்று சொல்ல வேண்டும்.

பூப்பொட்டலத்தில் வரும் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து மேலுதட்டில் ஒட்டினாற்போல் வைத்துச் சட்டென்று இழுங்கள். லேசாகச் சுடும். இழுத்தபடியே சற்று ஆறவிட்டுத் தளர்த்தி, மறுபடி உதட்டில் வையுங்கள். சில்லென்றிருக்கும். இங்கிலாந்தில் ஜான் கஃப் என்ற அறிஞர் 1805இல் இதைப் பதிவு செய்தார். சின்ன வயதில் அம்மை நோயில் பார்வையை இழந்தவர் அவர். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை உதடு கண்டுகொண்டது. இழுத்துக் கட்டிய ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்கும் என்பதையும் அவரே கவனித்தார். இரும்பு செய்வதற்கு நேர்மாறு.

காரணம் புரிய, தைப்பூசத்தன்று பழனி அடிவாரத்தில் நில்லுங்கள். கைகோத்த இருபது பிள்ளைகள் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். இரு முனையிலும் பிடித்து இழுத்தால் வரிசை நேராகும். விட்டால், யாரும் வேண்டுமென்று செய்யாமலேயே, நாலாபக்க இடிபாட்டில் வரிசை கோணிக் குறுகிவிடும். நேராக நிற்க ஒரே வழி, கோணி நிற்க ஆயிரம் வழி. ரப்பருக்குள் இருப்பவையும் இப்படிப்பட்ட நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளே. வெப்பம்தான் அங்கே கூட்டத்தின் இடிபாடு. சூடு ஏற ஏற இடி கூடும், சுருங்கும் வலுவும் கூடும்.

சங்கிலிகள் ஒன்றையொன்று வழுக்கிப் போகாமலிருக்க நடுநடுவே முடிச்சு வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் வடிக்கும் ரப்பர் பாலை வெறுமனே உறையவிட்டுக் காயவைத்தால், வெயிலில் பிசுபிசுக்கும், கடுங்குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அந்தக் குணம் மாறுவதைக் கண்டார். கந்தகம் போடும் முடிச்சுகளே ரப்பரைப் பழைய உருவத்துக்குத் திரும்ப வைக்கின்றன. பீடிங் கண்ணாடியை அழுத்திக்கொண்டிருப்பது இந்தத் திரும்பும் ஆசையால்தான்.

ஆசை எப்படிப் போகிறது? கதவு ரப்பர் நாள் முழுக்க நசுங்கியே இருக்கிறது. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டியில் கறுப்பு ரப்பரின் சூடு எளிதில் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பழைய முடிச்சுகள் சில அவிழ்ந்து, நசுங்கிய உருவத்திலேயே புது முடிச்சுகள் விழுகின்றன. பிறகு அழுத்தத்தை எடுத்தாலும் அது எழும்பாது, நசுங்கலே அதன் இயல்பாகிவிடும். ரப்பர் ஆலைகளில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. ஒரு வில்லையைக் கால்பங்கு நசுக்கி, பல மணி நேரம் சூட்டில் வைத்து, விடுவித்து, அரை மணி கழித்து எவ்வளவு எழும்பியது என்று அளப்பார்கள்.

இன்னொரு எதிரி காற்றிலேயே இருக்கிறது. வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து தரையோரம் ஓசோனை உண்டாக்குகின்றன. இயற்கை ரப்பரின் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஓசோன் கத்தி வைப்பது அந்த இடத்தில். காற்றில் பத்துக் கோடியில் சில பங்கு ஓசோன் இருந்தாலே போதும். ஆனால் அதிலும் ஒரு விசித்திரம்: தளர்வாகக் கிடக்கும் ரப்பரில் வெடிப்பு விழாது. இழுபட்டு நிற்கும் இடத்தில்தான், இழுவைக்குக் குறுக்காக, கோடு கோடாக வெடிக்கும். பழைய பீடிங்கை வளைத்துப் பார்த்தால் வளைவின் வெளிப்புறம் அந்தக் கோடுகள் தெரியும். 1960களில் சந்தைக்கு வந்த ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில், இரட்டைப் பிணைப்புகள் சங்கிலியில் இல்லாமல் பக்கவாட்டில் தொங்குகின்றன. ஓசோன் அவற்றைக் கடித்தாலும் சங்கிலி அறுவதில்லை. இன்று கதவு ரப்பர்கள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. அதில் கலக்கும் கரித்தூள் வலுவும் தந்து, புற ஊதாக் கதிரையும் தானே வாங்கிக்கொள்ளும்.

இனி கதவைக் கழற்றலாம். ஆயக்குடிக் கொய்யாவையும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறியையும் சுமந்து ஓய்ந்த வண்டிக்கு, கம்பெனி பீடிங் கிடைப்பது அரிது. பழையதில் ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்துப் போய், அதே வெட்டுமுகம் உள்ளதை மீட்டர் கணக்கில் வாங்க வேண்டும். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைப் பெரும்பாலும் பின்னால் ஒரு குதிரைலாடக் கிளிப் பிடித்திருக்கும். ஒரு துணியை இடுக்கில் நுழைத்து இப்படியும் அப்படியும் இழுத்தால், கிளிப் 'டக்' என்று தெறிக்கும். இன்னொரு கையால் மறைத்துக்கொள்ளாவிட்டால் தெறித்தது தெறித்ததுதான், தேடி எடுக்க முடியாது. அட்டையை எடுத்து, பாலித்தீனைக் கிழியாமல் உரித்து, கண்ணாடியை இறக்கி, பழைய பீடிங்கை நெம்பி எடுக்கலாம். காடியிலுள்ள துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காயவிட வேண்டும்.

கண்ணாடி ஓடும் 'ப' வடிவச் சேனலின் உட்புறம் வெல்வெட் போல மெல்லிய நார் ஒட்டியிருக்கும். வெறும் ரப்பர் கண்ணாடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், அந்த நார்தான் வழுக்க விடுகிறது. இதை மாட்டும்போது மூலையில் தொடங்கி, அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டி, விரலால் நெருக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பற்றவில்லையே என்று இழுத்து ஒட்டவைப்பதுதான் பெரிய தவறு. அன்று மாலை கச்சிதமாக இருக்கும். ஆனால் இழுபட்ட சங்கிலி சும்மா இருக்காது. சூடேறச் சூடேறச் சுருங்கி, சில மாதத்தில் மூலையில் இடைவெளி விட்டுவிடும். ஓசோன் வெடிப்பும் அங்கேதான் முதலில் விழும். பார்வையற்ற ஒருவர் உதட்டால் அறிந்ததைத்தான் "இழுக்காதே, தள்ளு" என்று பட்டறையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரப்பர் காடியில் ஏறவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் தடவலாம். டீசலும் கிரீஸும் கூடாது. ஈ.பி.டி.எம். எண்ணெயைக் குடித்து ஊறி உப்பி, வலுவிழந்துவிடும். கடைசியாக ஒரு கம்பியால் அடித்துளைகளைக் குத்திச் சேற்றை எடுத்துவிட வேண்டும். ரப்பரை மாற்றியவர்களில் பலர் மறப்பது இதைத்தான்.

எல்லாம் முடிந்ததும் கண்ணாடியை ஏற்றி, ஒரு குடம் தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். உள்ளே இருக்கையைத் தொட்டுப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். குனிந்து கதவின் அடியைப் பாருங்கள். அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் வேலை சரி.