முதலாளி குரலில் இயந்திரம் பேசினால்? சிறு வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பினாங்கு, டத்தோ கிராமாட் சாலையில் பெரிய வணிக வளாகமும் உண்டு. இரண்டு மூன்று பேர் மட்டுமே வேலை செய்யும் சிறிய கடைகளும் அலுவலகங்களும் உண்டு. இந்தச் சிறு வணிகங்கள் பலவற்றில் கொள்முதல், கணக்கு, பணப் பரிமாற்றம் எல்லாம் இன்று ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. சரக்கு விலை வாட்ஸ்அப்பில் வருகிறது. பில் மின்னஞ்சலில் வருகிறது. பணம் இணைய வங்கி வழியாகப் போகிறது.

“நம் சின்னக் கடையை யார் குறி வைக்கப் போகிறார்கள்?” என்று நினைப்பவர்கள் உண்டு. மோசடிக்காரனுக்குக் கடையின் அளவு ஒரு பொருட்டல்ல. மாதக் கடைசியில் யாருக்காவது பணம் அனுப்பும் பழக்கம் அந்தக் கடைக்கு இருந்தால் அவனுக்குப் போதும். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அவனுடைய வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. அதே செயற்கை நுண்ணறிவு நமக்குக் காவலாகவும் நிற்கிறது. அந்தக் காவல் எதுவரை வரும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை ஒவ்வொரு வணிகரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எழுத்துப் பிழை காட்டிக் கொடுத்த காலம்

2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணினிக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். அமெரிக்காவில் இருந்த அதன் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 100 கோடி டாலரை எடுக்கப் பார்த்தார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கையில் உள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர் சிக்கியது. காரணம், ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லை அவர்கள் ‘ஃபண்டேஷன்’ என்று பிழையாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த வங்கி அதைக் கண்டு விளக்கம் கேட்டது. பணம் நின்றது.

மோசடிக் கடிதத்தை இப்படித்தான் பல காலம் அடையாளம் கண்டோம். கொச்சை ஆங்கிலம், ஒட்டாத மலாய், பிழையான பெயர் ஆகியவை காட்டிக் கொடுத்தன. இன்று செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால், ஆங்கிலமோ மலாயோ தமிழோ, பிழையில்லாமல் சில நொடியில் எழுதித் தந்துவிடும். எழுத்துப் பிழையை நம்பிக் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது.

முகமும் குரலும்கூடப் பொய்யாகலாம்

2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் நடந்தது இதைவிட அதிர்ச்சியானது. ‘அரூப்’ என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் அலுவலகம் அது. ரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டும் என்று தலைமை நிதி அதிகாரி பெயரில் ஊழியர் ஒருவருக்குச் செய்தி வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டார். பிறகு வீடியோ அழைப்பு வந்தது. திரையில் நிதி அதிகாரியும் தெரிந்த சக ஊழியர்களும் இருந்தார்கள். சந்தேகம் தீர்ந்து, 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அது நம் பணத்தில் அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 12 கோடி ரிங்கிட். திரையில் பார்த்த முகங்கள் எல்லாம் கணினி உருவாக்கிய போலிகள்.

அந்த ஊழியர் கவனக்குறைவானவர் அல்ல. சரியாகத்தான் சந்தேகப்பட்டார். ஆனால், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, மோசடிக்காரன் ஏற்பாடு செய்த அழைப்பையே நம்பிவிட்டார். பாடம் அங்கேதான் இருக்கிறது.

காவல் நிற்கும் இயந்திரம்

பாதுகாப்புப் பக்கத்தில் செயற்கை நுண்ணறிவு செய்யும் முக்கிய வேலை, வழக்கத்தைக் கற்றுக்கொண்டு, வழக்கத்துக்கு மாறானதைக் காட்டுவது. மின்னஞ்சல் நிறுவனங்கள் கோடிக்கணக்கான கடிதங்களைப் பார்த்து, மோசடிக் கடிதம் எப்படி இருக்கும் என்று கணினிக்குப் பழக்குகின்றன. ஜிமெயிலுக்கு வரும் மோசடி, வைரஸ் கடிதங்களில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் தடுத்துவிடுவதாக கூகுள் சொல்கிறது.

வங்கிகளும் இதே வழியில் போகின்றன. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த ஐந்து பாதுகாப்பு நடவடிக்கைகளில், சந்தேகப் பரிமாற்றங்களைக் கண்டுபிடிக்கும் முறையைக் கடுமையாக்குவதும் ஒன்று. ஒரு கடை மாதந்தோறும் 3,000 ரிங்கிட் அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். திடீரென நள்ளிரவு 2 மணிக்கு, புதிய கைப்பேசியிலிருந்து, புதிய கணக்குக்கு 28,000 ரிங்கிட் போனால், அதைச் சந்தேகிக்கப் பல காரணங்கள் உண்டு. வங்கி அதை நிறுத்திவைத்து உங்களை அழைத்துக் கேட்கலாம்.

ஆனால், இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கிள்ளானில் இருக்கும் மொத்த வியாபாரியின் பெயரில், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்” என்று கடிதம் வருகிறது. வழக்கமான தொகை. பகல் 3 மணி. வழக்கமான கைப்பேசி. உங்கள் கிராணியே தம் கையால் அனுப்புகிறார். இதில் கணக்கு எண் ஒன்றுதான் புதிது. இயந்திரம் இதைக் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஏமாற்றப்பட்டது கணினி அல்ல, மனிதர். அந்த இடைவெளியை அடைக்கக் கடைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

செலவில்லாத நான்கு கட்டுப்பாடுகள்

முதலாவது, திருப்பி அழைப்பது. கணக்கு எண் மாறியதாகவோ, அவசரமாகப் பணம் வேண்டும் என்றோ செய்தி வந்தால், அதில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். உங்களிடம் முன்பே இருக்கும் பழைய எண்ணை அழைத்துக் கேளுங்கள். எவ்வளவு பழகிய குரல் என்றாலும் சரி.

இரண்டாவது, பெரிய தொகைக்கு இரண்டு பேர் ஒப்புதல். ஒருவர் பதிவு செய்து மற்றவர் ஒப்புதல் தரும் வசதி பல வணிகக் கணக்குகளில் உண்டு. உங்கள் வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, கடையின் மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள். மின்னஞ்சலுக்குள் ஒருவன் புகுந்துவிட்டால், யாருக்கு எப்போது எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பதைப் படித்துவிடுவான்.

நான்காவது, புதிய கணக்கு எண்ணைப் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதியுங்கள். அதில் பெயர் இல்லை என்பதால் மட்டும் அது நல்ல கணக்கு ஆகிவிடாது. புகார் வராத புதிய கணக்காகவும் இருக்கலாம்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கியை அல்லது 997 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய மோசடி உதவி மையத்தின் எண் அது. பிறகு போலீஸில் புகார் செய்யுங்கள். மின்னஞ்சல் ஊடுருவப்பட்டிருந்தால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் ‘சைபர்999’ சேவையிடம் உதவி கேட்கலாம். திருடிய பணம் கணக்குவிட்டுக் கணக்கு வேகமாகத் தாவும். அதைத் துரத்திக் கண்டுபிடிக்க 2024 முதல் தேசிய மோசடித் தளம் என்ற தானியங்கி ஏற்பாடும் இயங்குகிறது. அதுவும் நாம் சொன்ன பிறகுதான் ஓடத் தொடங்கும்.

நம் பிள்ளைகளுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பணம் போய்ச் சேரும் ‘கழுதைக் கணக்கு’ பெரும்பாலும் சில நூறு ரிங்கிட்டுக்காக ஏடிஎம் கார்டைக் கொடுத்த ஓர் இளைஞனுடையது. தோட்டமோ பட்டணமோ, ஆசை காட்டுகிறவர்கள் எங்கும் உண்டு. 2024இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. சூத்திரதாரி வெளிநாட்டில் இருப்பான். பெயரும் அடையாள அட்டையும் பதிவாகியிருப்பது நம் பிள்ளையுடையது.

கடைசியாக முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. நம் கடைகளில் முதலாளி சொன்னால் மறுபேச்சு இல்லை. “அண்ணன் அவசரமாகக் கேட்கிறார், திருப்பிக் கேட்டால் கோபப்படுவார்” என்ற பயம்தான் மோசடிக்காரனின் பெரிய முதலீடு. அந்தப் பயத்தை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது, உங்களால் முடியும். இன்று கடை சாத்துவதற்கு முன் உங்கள் ஊழியரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: “நானே பேசினாலும் சரி, என் பழைய எண்ணுக்குத் திருப்பி அழைத்துக் கேட்ட பிறகுதான் பணம் அனுப்ப வேண்டும். அதற்காக நான் ஒருநாளும் கோபப்பட மாட்டேன்.”