பழகுவதும் ஒரு பயிற்சியே

மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஒரு பக்கக் கைகால் விளங்காமல் வீட்டோடு இருக்கும் பிள்ளைகள் நம் தோட்டப்புறங்களில் உண்டு. “சோறு தண்ணீர் குறையில்லாமல் பார்க்கிறோமே, வேறென்ன வேண்டும்?” என்கிறோம். 25 வயதுப் பிள்ளைக்கு ஒரு பெண்ணோடு பேசிப் பழக வேண்டும், துணை தேட வேண்டும் என்ற ஆசை இருக்காதா? பெண் பிள்ளையானாலும் இதே கேள்விதான்.

பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் ‘பெமுலிஹான் சாரா கெர்ஜா’ என்றொரு பிரிவு உண்டு. தமிழில் செயல்வழிச் சிகிச்சை எனலாம். இங்கே ‘கெர்ஜா’ என்பது சம்பள வேலை மட்டுமல்ல. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, நாலு பேரோடு கூடுவது எல்லாம் அதில் அடங்கும். பட்டணத்துப் பிள்ளைகள் ‘டேட்டிங்’ என்கிறார்களே, அந்தச் சந்தித்துப் பழகுதலும் அடங்கும்.

எண்ணிப் பாருங்கள். ஒட்டுக்கடையில் ஒரு பெண்ணைச் சந்திக்கப் போகிறவன் முகம் மழிக்க வேண்டும். ஒற்றைக் கையால் சட்டை மாட்ட வேண்டும். பஸ் ஏற வேண்டும். காசு எண்ணிக் கொடுக்க வேண்டும். அவள் முகக்குறிப்பறிந்து பேசவும், வேண்டாமென்றால் மரியாதையாக விலகவும் தெரிய வேண்டும். சிகிச்சையாளர் இவற்றைப் படிப்படியாகப் பிரித்துப் பழக்குவார். சட்டையில் விளங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் வழியுண்டு. சும்மா பொத்தான் போடச் சொன்னால் சலித்துக்கொள்பவன், போக ஓரிடமும் பார்க்க ஓர் ஆளும் இருந்தால் பத்து முறை போட்டுப் பார்ப்பான்!

அமெரிக்காவில் 1917-இல் இத்துறைக்குச் சங்கம் அமைத்தவர்களுள் ஜார்ஜ் பார்ட்டன் ஒருவர். காசநோயாலும் இடப்பக்கம் செயலிழந்தும் துன்புற்ற கட்டடக் கலைஞர் அவர். தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து தேறினார். உடனிருந்து உதவிய செயலாளர் இசபெல் நியூட்டனை மறு ஆண்டே மணந்துகொண்டார்.

உடற்பேறு குறைந்தோருக்கும் மணம் புரியும் உரிமை உண்டு என்கிறது 2006-இன் ஐக்கிய நாட்டு உடன்படிக்கை. 2010-இல் மலேசியாவும் அதை ஏற்றது.

பெற்றோர்களே, மருத்துவமனைக்குப் போனால், “கை எப்போது சரியாகும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். தன் ஆசை என்னவென்று பிள்ளையே சிகிச்சையாளரிடம் சொல்லட்டும். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் உள்ளே அனுப்பிவிடாதீர்கள். மறைத்து வைத்த பிள்ளைக்குத் துணை எங்கிருந்து வரும்?