வெளிச்சத்தை நம்பாதீங்க!

ராத்திரி பத்து மணி. சரவணம்பட்டியில் மொட்டை மாடி. காற்று வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், மில்லில் ஷிப்ட் பார்த்து ரிடையர் ஆனவர், சத்தி ரோட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

''ஏனுங் தம்பி, அந்த ஐ.டி. பார்க்கைப் பாருங்க. ஒரே ஜெகஜோதி! இந்தப் பக்கம் வீடுக பூரா லைட்டை அணைச்சுப்போட்டுப் படுத்தாச்சு. வானத்துல இருந்து ஒருத்தன் பார்த்தா, சரவணம்பட்டி சனமெல்லாம் அங்கேதான் குடியிருக்குதுன்னு நெனைச்சுக்குவான்!''

பெரியவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால், பிரபஞ்சத்தைக் கணக்கெடுக்கிற விஞ்ஞானிகளுக்கும் இதே தலைவலிதான்!

பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு, ஒளியே விடாத 'கரும்பொருள்'. நட்சத்திரம், வாயு, நீங்கள், நான் எல்லாம் மிச்சமுள்ள ஒரு பங்கில் அடக்கம். 1933-லேயே ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி, கோமா கொத்தில் காலக்ஸிகள் ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, 'கண்ணுக்குத் தெரிகிற எடை போதாதே' என்று சந்தேகப்பட்டார்.

கரும்பொருள் வலை போலப் பரவிக் கிடக்கிறது. அதில் முடிச்சு விழுந்த இடங்களில்தான் வாயு குவிந்து பெரிய காலக்ஸிகள் பிறந்தன. அதனால் அவை ஓரிடத்தில் நெருக்கியடிக்கும். கரும்பொருளோ இடைவெளிகளிலும் விரவி இருக்கும். வெளிச்சத்தை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பிவிடும். ஐ.டி. பார்க் கதைதான்!

சரி, இருட்டை எப்படி எடை போடுவது? அதில் கெட்டிக்காரர் நம்ம கோயமுத்தூரில் பிறந்தவர்! பிரியம்வதா நடராஜன். டெல்லியில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஆனவர்.

கண்ணாடி டம்ளரின் அடிப்பாகம் வழியாகப் பேப்பரைப் பாருங்கள். எழுத்து வளைந்து நெளியும். அதேபோல, தூரத்துக் காலக்ஸியின் ஒளியை நடுவில் உள்ள எடை வளைக்கிறது. எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால், எங்கே எவ்வளவு கரும்பொருள் என்று வரைபடமே போட்டுவிடலாம்.

2020-ல் இத்தாலியின் மாசிமோ மெனிகெட்டி தலைமையில் பிரியம்வதாவும் சேர்ந்த குழு, ஹப்பிள் படங்களை வைத்து 11 காலக்ஸிக் கொத்துகளை ஆராய்ந்தது. கிடைத்தது அதிர்ச்சி! உள்ளே தனித்தனி காலக்ஸிகளைச் சுற்றியிருந்த சின்னச் சின்னக் கரும்பொருள் கட்டிகள், கம்ப்யூட்டர் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேல் திறமையாக ஒளியை வளைத்திருந்தன. கம்ப்யூட்டர் கணக்கில் கோளாறா? இல்லை, கரும்பொருளின் குணத்தையே நாம் தப்பாகப் புரிந்துகொண்டோமா? சர்ச்சை கிளம்பிவிட்டது.

பெரியவரிடம் சொன்னேன். ''மில்லுல ஸ்டாக் ஒத்துவரலைன்னா சரக்கையும் பார்ப்போமுங்க, நோட்டையும் பார்ப்போமுங்க. அந்த அம்மிணி செய்யறதும் அதேதானுங்களே!'' என்றார்.

பட்டென்று கரண்ட் போனது. தெருவே இருட்டு. ஐ.டி. பார்க் மட்டும் ஜெனரேட்டர் தயவில் ஜொலித்தது.

இருட்டுக்குள்ளிருந்து பெரியவர் குரல்: ''இப்ப வானத்துல இருந்து பார்க்கறவனுக்கு நாம ரெண்டு பேரும் கரும்பொருளுங் தம்பி!''